பொம்மை முகவரியில் பணம் போடலாமா?

ஒரு சிவப்பு இதயம், பக்கத்தில் ஒரு புள்ளி, அதற்குப் பின் இரண்டு ஆங்கில எழுத்து. அவ்வளவுதான் முகவரி. இன்றைக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதைப் பிடித்து வைத்தால், நாளை ஒரு பெரிய கம்பெனி லட்சங்களோடு வந்து நிற்கும் என்று செல்போன் திரையில் யாரோ ஒருவர் அடித்துச் சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு, 'எமோஜி டொமைன் ஒன்று வாங்கிப் போடலாமா?' என்று கேட்கும் பிள்ளைகளைத் தில்லை நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் பார்க்கிறேன். படித்த பிள்ளைகள். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை, கையில் மாதாமாதம் கொஞ்சம் மிச்சம். சீட்டுக் கட்டுவதும் பெரியகடை வீதியில் தவணைக்கு நகை சேர்ப்பதும் அவர்களுக்கு அப்பா காலத்துச் சங்கதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம். ஆனால் இந்தப் பொம்மை முகவரி எப்படிப் பிறந்தது, எங்கே முட்டி நின்றது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடவும் வேண்டாம். அந்தக் கதையில் தமிழும் இருக்கிறது, ஸ்ரீரங்கமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பணத்தை எதில் போடலாம் என்பதற்கான விடையும் அங்கேயே கிடைக்கிறது.

இணைய முகவரியைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தது ஆங்கிலத்தின் 26 எழுத்து, 10 எண், ஒரு சிறு கோடு. உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு இன்றும் அதற்கு மேல் எதுவும் தெரியாது. 'திருச்சி' என்று தமிழில் முகவரிப் பட்டையில் அடித்தால், நம் செல்போனே அதை எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புகிறது. இந்த மாற்று முறைக்கு ப்யூனிகோட் என்று பெயர். 2003 மார்ச்சில் முறையான விதியாக வெளியானது. இதயப் படமும் இதே வாசலில்தான் நுழைகிறது. படம் நம் கண்ணுக்கு மட்டும். கம்பியில் போவது எக்ஸ்.என். சரம்.

அந்த வாசல் ஏன் வெட்டப்பட்டது என்று பார்த்தால் நாம் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் தின் வீயும் சேர்ந்து தொண்ணூறுகளின் நடுவில் தமிழை வலைத்தளத்தில் ஏற்றப் பாடுபட்டார்கள். 1997 மே மாதம் அங்கே தமிழ் இணைய மாநாடு நடந்தது. பக்கத்துக்குள் தமிழ் வந்துவிட்டது. பக்கத்துக்குப் போகும் வழி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்தில் முகவரி என்ற யோசனையை 1996-இல் மார்ட்டின் டூர்ஸ்ட் முன்வைத்திருந்தார். 1998-இல் அதை ஓட்டிக் காட்டியது டான் தின் வீயின் சிங்கப்பூர்க் குழு. கோவிந்தசாமி 1999-இல் காலமானார். 2007 அக்டோபரில், இணையத்தின் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 சோதனை முனைகளை (முனை என்பது முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) எல்லா முனைகளின் பட்டியலான மூல அடுக்கில் ஏற்றியபோது அவற்றில் ஒன்று தமிழ். 'உதாரணம்', புள்ளி, 'பரிட்சை' என்பதே அந்த முகவரி. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று 3 நாடுகளின் முனைகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. இவ்வளவு பெரிய கௌரவம் நம் மொழிக்குக் கிடைத்திருப்பது திருச்சியில் எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும் என்று நினைக்கும்போது மனசு வலிக்கிறது.

மொழிகளுக்காக வெட்டிய அந்த வாசலில் படங்களும் நுழைந்தன. 2001 ஏப்ரல் 19 அன்று வெந்நீர் ஊற்றுச் சின்னம் டாட் காமிலும் டாட் நெட்டிலும், அமைதிச் சின்னம் டாட் காமிலும் பதிவாயின. எமோஜி என்ற பேரே ஜப்பானுக்கு வெளியே அப்போது யாருக்கும் தெரியாது. 2010-இல் யூனிகோட் நூற்றுக்கணக்கான எமோஜிகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பின் அவை எல்லாச் செல்போன்களுக்கும் பரவின. 2015-இல் கோக கோலா நிறுவனம் போர்ட்டோ ரிக்கோ தீவில் சிரிக்கும் முகங்களையே முகவரியாக விளம்பரப் பலகைகளில் போட்டது. முனையாக அது எடுத்துக்கொண்டது சமோவா தீவின் டாட் டபிள்யூ.எஸ். அந்த விளம்பரத்துக்குப் பிறகுதான் எமோஜி முகவரி பிடித்து வைக்கும் சந்தை சூடு பிடித்தது.

கதவு அதற்கு முன்பே மூடத் தொடங்கியிருந்தது என்பதைச் சந்தைக்காரர்கள் சொல்வதில்லை. 2010 ஆகஸ்டில் வெளியான புதிய விதித்தொகுப்பு, முகவரியில் மொழிகளின் எழுத்தும் எண்ணும் வரலாம், சின்னங்கள் வரக்கூடாது என்று வைத்தது. 2017 மே மாதம் ஐகானின் பாதுகாப்புக் குழு தன் 95-ஆவது அறிக்கையில் எமோஜி முகவரிகள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியது. டாட் காம், டாட் நெட் போன்ற பொது முனைகளில் இன்று புதிதாக எமோஜி பதிய முடியாது. பழைய சில மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. மிச்சம் இருப்பவை தம் விதியைத் தாமே வகுத்துக்கொள்ளும் நாட்டு முனைகள். சமோவா, டோங்கா, மைக்ரோனேசியா என்று பசிபிக் தீவுகளின் பெயர்களே அந்தப் பட்டியலில் வருகின்றன.

ஆறு வணக்கம்

பாதுகாப்புக் குழு ஏன் பயந்தது? கைகூப்பும் எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரர் தன் முகவரியாக அதைப் பதிவு செய்கிறார் என்று வைப்போம். கோவில் ஊர், கைகூப்பு, பொருத்தமான யோசனைதான். செல்போனில் அந்தக் கைகளை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு பட்டை விரியும். மஞ்சள் நிறத்தில் ஒன்று. வெளிர் நிறத்திலிருந்து கறுப்பு வரை இன்னும் 5. நம்மில் பலர் ஒருமுறை தம் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அதன்பின் அந்தச் செல்போன் அதையே நீட்டும். மனிதக் கண்ணுக்கு ஆறும் ஒரே வணக்கம். இயந்திரத்துக்கு 6 வெவ்வேறு எக்ஸ்.என். சரம், 6 வெவ்வேறு முகவரி. விடுதிக்காரர் மஞ்சளை வாங்கியிருக்கிறார். வைகுண்ட ஏகாதசிக்கு அறை தேடும் மதுரைக்காரர் மாநிறக் கையைத் தட்டுகிறார். அந்த முகவரியை வேறொருவர் பிடித்து வைத்து, அச்சு அசலாக அதே போல் ஒரு பக்கம் போட்டு முன்பணம் வாங்கினால்?

குடும்பப் படம் இன்னும் சிக்கல். அப்பா, அம்மா, குழந்தை என்று தனித்தனிப் படங்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிவைத்திருக்கிறது. முகவரியாக மாறும்போது அந்த ஒட்டு கழன்றுவிட்டால் குடும்பம் தனித்தனி ஆட்களாக உதிர்கிறது. கோவில் படம், ஆட்டோ படம், புடவைப் படம், அகல்விளக்குப் படம் நான்கும் 2019-இல் எமோஜி பட்டியலுக்கு வந்தவை. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி அவற்றை வரைகிறது. ஆப்பிள் செல்போனில் பார்த்த கோவிலும் சாம்சங்கில் பார்க்கும் கோவிலும் ஒன்றுதானா என்று பாமர மனிதர் எப்படித் தீர்மானிப்பார்? ராஜகோபுரத்தின் நிழலில் வாழும் ஊருக்கு அந்தச் சின்னக் கோவில் எந்த விதத்திலும் அடையாளமாகாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்குக்கோ எமோஜியே கிடையாது.

சஃபாரி உலாவியில் படமாகத் தெரியும் முகவரி, குரோமில் பெரும்பாலும் எக்ஸ்.என். சரமாகவே தெரிகிறது. குரோம்காரர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர் ரஷ்ய எழுத்துகளைக் கோத்து, ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தெரியும் ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். குரோம் போன்ற உலாவிகள் அதிர்ந்துபோய் விதிகளை இறுக்கின. கோடிக்கணக்கானவர்கள் உபயோகிக்கும் உலாவியில் ஒரு படம் படமாகத் தெரியவில்லை என்றால், அந்தப் படத்துக்குக் கொடுத்த விலை எதற்கு?

ஸ்ரீயில் இரண்டு

எமோஜிக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைத்தால் ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்தே நம்மைத் திருத்தும். கணினிக்குள் ஸ்ரீ ஓர் எழுத்தாக இல்லை. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று 4 குறியீடுகள் சேர்ந்து அந்த வடிவம் வருகிறது. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பு, கிரந்த வரிசையில் விடுபட்டிருந்த ஶ என்ற எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்தது. ஸ்ரீயை அந்த ஶ-வில் தொடங்கி எழுதுவதே முறை என்றும் வைத்தது. அதற்கு முன் எழுதியவையெல்லாம் ஸ-வில் தொடங்கியவை; இன்றும் பல விசைப்பலகைகள் அப்படித்தான் தருகின்றன. திரையில் பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே ஸ்ரீயாகக் காட்டும். முகவரியாக்கினால் இரண்டு சரம், இரண்டு ஊர்.

'ஔ' என்ற ஓரெழுத்தும், 'ஒ' பக்கத்தில் 'ள' வைத்தெழுதும் ஈரெழுத்தும் அப்படித்தான். 'க' என்ற எழுத்தும் ஒன்றைக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணும், 'எ' என்ற எழுத்தும் ஏழைக் குறிக்கும் எண்ணும், கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்று.

வித்தியாசம் என்னவென்றால், தமிழுக்கு ஆள் இருந்தது. நம் நாட்டு எழுத்துகளுக்காக நவபிராமிக் குழு என்ற ஒரு குழு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக இந்த ஒப்புமைகளைப் பட்டியலிட்டது. 2019 ஜூலையில் ஐகான் வெளியிட்ட மூல அடுக்கு விதிகளின் 3-ஆவது பதிப்பில் தமிழ் சேர்ந்தது. அதன்படி இரண்டு ஸ்ரீயும் ஒன்றுக்கொன்று மாற்று வடிவம். பழைய தமிழ் எண்களுக்கு அங்கே இடமே இல்லை. எந்த எழுத்து எதைப்போல் இருக்கும், எது எதோடு சேரும், எது சேராது என்று தீர்த்துவைக்க இலக்கணமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டே போகும் எமோஜிக்கு அப்படி ஓர் இலக்கணத்தை யார் எழுதுவது?

படக்குறிகளை இழிவாக நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. நம் வியாபாரிகளே குறிகளில் பெரிய கெட்டிக்காரர்கள். வரவுக்கு ஒரு குறி, பற்றுக்கு ஒரு குறி, மேற்படிக்கு ஒரு குறி, ரூபாய்க்கு ஒரு குறி. அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனித்தனி வடிவம். பழைய கணக்கு நோட்டைப் புரட்டினால் எழுத்தை விடக் குறிதான் முன்னால் நிற்கும். வரவு பற்றுக் குறிகள் 2003-இல் யூனிகோடில் ஏறின. பின்னக் குறிகளும் மற்றவையுமாக 51 குறிகள், கோவில் எமோஜி வந்த அதே 2019 மார்ச் பதிப்பில் சேர்ந்தன. இந்தக் குறிகளையும் முகவரியில் வைக்க முடியாது. சிரிக்கும் முகத்தை மறுக்கும் அதே விதி நம் வரவுக் குறியையும் மறுக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் விதி நியாயமானது. கணக்கு நோட்டுக் குறி அந்தக் கடைக்குள், தெரிந்த கணக்கப்பிள்ளையின் கண்ணுக்காக எழுதப்பட்டது. முகவரியைத் தெரியாத ஊர்க்காரர் தட்ட வேண்டும்.

அடிமனை யாருடையது?

ஸ்ரீரங்கத்தில் அடிமனை என்றால் விளக்கத் தேவையில்லை. மேலே நிற்கும் கட்டடம் நம்முடையது, கீழே இருக்கும் மண் யாருடையது என்று தலைமுறைகளாக வழக்காடும் ஊர் அது. எமோஜி முகவரி வாங்குகிறவர் அந்த நிலையில்தான் இருக்கிறார். பெயர் அவர் வசம். அதன் அடியில் இருக்கும் முனை ஒரு தீவு நாட்டின் வசம். அந்த நாட்டின் பதிவகம் நாளை விதியை மாற்றினால் கேட்பதற்கு நாதியில்லை.

நடக்காத பயம் இல்லை இது. ஃப்ரீநாம் என்ற நிறுவனம் தோகெலாவ், மாலி, காபோன் உள்ளிட்ட 5 முனைகளை இலவசமாக வாரி வழங்கியது. எமோஜி பெயர்களும் அங்கே கிடைத்தன. மோசடிப் பக்கங்கள் அங்கே பெருகின. 2023-இல் மெட்டா நிறுவனம் தொடுத்த வழக்கு வெளிவந்தபோது புதிய பதிவு நின்றுபோயிருந்தது. அதே ஆண்டு ஜூனில் காபோன் நாடு தன் டாட் ஜி.ஏ. முனையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சுமார் 70 லட்சம் பெயர்கள் நீக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2024-இல் ஃப்ரீநாம் தொழிலையே விட்டுப் போனது. அந்த 70 லட்சத்தில் ஒரு நல்ல இதயத்தைப் பிடித்து வைத்திருந்தவருக்கு யார் நஷ்ட ஈடு தருவார்?

கிரிப்டோ பக்கமும் ஒரு பிரிவு இருக்கிறது. எத்தீரியம் பெயர்ச் சேவையில் டாட் எத் என்று முடியும் பெயர்களில் எமோஜி வைக்கலாம். ஐகானின் விதி அங்கே செல்லாது. 2022-இல் அதில் விலைகள் ஏறின. சாதாரண உலாவியில் அந்தப் பெயர்கள் நேரடியாகத் திறப்பதில்லை. நம் ஊரில் அவற்றை விற்று லாபம் பார்த்தால் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துக்கான வரிதான் நிற்கும்: 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீதம், அந்த ஜூலையிலிருந்து 1 சதவீதம் டி.டி.எஸ். ஒன்றில் பட்ட நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. சம்பளக்காரப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

வாயால் சொல்ல முடிகிற பெயர்

பெரிய விலைக்குப் போன பெயர்களைப் பாருங்கள். 2019-இல் 'வாய்ஸ்' டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றது. ஒரே சொல், யாரும் எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கும் சொல். 2024 அக்டோபரில் நம் நாடே பேசியது ஜியோஹாட்ஸ்டார் முகவரி பற்றி. இரண்டு கம்பெனிகள் சேரும் என்று யூகித்து டெல்லி இளைஞர் ஒருவர் 2023-லேயே அதைப் பதிவு செய்து வைத்திருந்தார்; மேற்படிப்புச் செலவைக் கேட்டார். ரிலையன்ஸ் பணம் தரவில்லை. கடைசியில் துபாயில் இருக்கும் அண்ணன் தங்கை கைக்குப் போய், அவர்கள் விலையில்லாமலேயே கொடுப்பதாக அறிவித்தார்கள். கச்சிதமான யூகத்துக்கே இதுதான் கதி. அந்தப் பெயருக்கு ஒரே ஒரு இயல்பான வாடிக்கையாளர் இருந்தார்; அவரிடம் சட்டமும் இருந்தது. சிவப்பு இதயத்துக்கு அப்படி ஒரு வாடிக்கையாளரும் கிடையாது. விலை ஒத்துவராவிட்டால் கம்பெனி நீல இதயத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சட்டத்தைச் சொல்லும்போது சென்னைக் கம்பெனி ஒன்றை நினைக்க வேண்டும். சத்யம் இன்ஃபோவே, தன் 'சிஃபி' என்ற பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டி வேறொருவர் முகவரி பதிந்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே மாதம் வந்த தீர்ப்பு, இணைய முகவரிக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது. பெயரில் சம்பாதித்த நற்பெயரைத்தான் நீதிமன்றம் காத்தது. எல்லோரும் தினமும் அனுப்பும் ஒரு சிரிப்பு முகத்தின் மேல் அப்படி ஓர் உரிமையைத் தனியாள் நிலைநாட்டுவது மிகக் கடினம்.

திருச்சியின் பெயர்வளம் அசாதாரணமானது. 1887-இல் வெளியான ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே டிரிச்சினாப்பள்ளி சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. லண்டன் வாசகனுக்கு ஊரைத் தெரியாது, பெயர் தெரிந்திருந்தது. இன்று திருச்சிராப்பள்ளி, திருச்சி, டிரிச்சி என்று ஒரே ஊருக்கு மூன்று பெயர் புழங்குகிறது. வெளியூர்க்காரர் தேடும்போது ஆங்கிலத்தில் டிரிச்சி என்றே அதிகம் தட்டுகிறார். ஆகவே கடைப் பெயரோடு டிரிச்சி சேர்ந்த ஒரு டாட் இன் முகவரி, நூறு எமோஜியை விட நன்றாக வேலை செய்யும். என்.எஸ்.பி. ரோட்டில் ஆட்டோக்காரரிடம் கடைப் பெயரைச் சொன்னால் இறக்கிவிடுவார். அதே பெயரைச் செல்போனில் வாயால் சொன்னால் அதுவும் கடைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். 'இளஞ்சிவப்பு இதயம், அம்பு குத்தினது இல்லை, மின்னுவது' என்று வானொலி விளம்பரத்தில் எப்படிச் சொல்வது?

எமோஜி முகவரிக்கு எதிர்காலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு திருவிழா வாரம், ஒரு படத்தின் விளம்பரம், ஒரு குளிர்பான அறிமுகம் என்று சில நாள் கூத்துக்கு அது அழகான கருவி. வாட்ஸ்ஆப்பில் தட்டித் திறக்கும் இணைப்பாக வேலை செய்யும். அதற்கு ஓராண்டுக் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைக்க முடியாது. 2012-க்குப் பிறகு புதிய முனைகளுக்கான அடுத்த சுற்றுக்கு ஐகான் குறித்தது 2026 ஏப்ரல். விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர். தமிழ் எழுத்தில் முனை கேட்க அங்கே வழியுண்டு, எமோஜியில் கேட்க வழியில்லை.

பணம் போட நினைக்கும் பிள்ளைகளுக்கு என் யோசனை: உங்கள் தெருக் கடைகளைப் பாருங்கள். மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கும் பாத்திரக் கடையும் உறையூர்க் கைத்தறிக்காரரும் இன்னும் சொந்த முகவரி இல்லாமல் யாரோ ஒருவரின் ஆப்பில் ஒரு வரியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு டாட் இன், ஒரு டாட் இந்தியா எடுத்துக் கொடுத்து, பக்கம் கட்டிக் கொடுத்து, ஆண்டுக்காண்டு பராமரித்தால் அது நிலையான வருமானம். பதிவு கடைக்காரர் பேரிலேயே இருக்கட்டும். பக்கம் போட்டுக் கொடுத்தவர் தன் பேரில் பதிந்துகொண்டு பிறகு கைவிட்டதால் பெயரை இழந்த கடைகள் உண்டு.

ஸ்ரீ என்று தொடங்கும் பெயராக இருந்தால் ஒரு வேலை அதிகம். மூல அடுக்குக்கு 2019-இல் வந்த விதி, புள்ளிக்கு முன்னால் நாம் எழுதும் பெயரைத் தானாகக் காக்காது. அங்கே அந்தந்தப் பதிவகத்தின் விதியே செல்லும். எனவே ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ, ஶ-வில் தொடங்கும் ஸ்ரீ இரண்டையும் தட்டிப் பார்த்து, இரண்டாவது வேறொருவருக்குக் கிடைக்குமா என்று பதிவு செய்து தருபவரிடம் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். திருமலை தேவஸ்தானத்தின் பேரில் போலி இணையதளங்கள் வந்து பக்தர்கள் ஏமாந்தது செய்திகளில் வந்ததுதான். அரங்கன் கோவிலின் பெயரையும் ஊரின் பெயரையும் இரண்டு ஸ்ரீயிலும் அறநிலையத் துறை இப்போதே டாட் இந்தியாவில் பதிந்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆகும் செலவு சொற்பம், மார்கழிக்கு முன் முடித்துவிடலாம்.